முதுகும் புறமும்

ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் யுவர் பேக்' என்னும் தொடர் இன்று பெருவழக்காக வழங்குகிறது. ஒருவன் மற்றொருவனுக்கு அரணாக நிற்கிறான்; அவன் கண் செல்லாத திசையிலிருந்து வரும் தீங்கைத் தான் கண்டு தடுப்பான் என்பது அதன் கருத்து. அமெரிக்கப் பேச்சில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்வாக்குப் பெற்று, திரைப்படத்தின் வாயிலாகவும் தொலைக்காட்சியின் வாயிலாகவும் ஆங்கிலம் வழங்கும் நாடெங்கும் பரவியது இது. ஆங்கிலமும் மலாயும் தமிழும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் ஊர் கோலாலம்பூர். ஆதலின் பிரிக்பீல்ட்ஸ் உணவுக்கடையிலும் கிள்ளான் பேருந்து நிலையத்திலும் தமிழ் இளைஞர் வாயில் இத் தொடரைக் கேட்கலாம். ஆங்கிலமாகவே சொல்லிவிட்டால் இடர்ப்பாடு ஒன்றுமில்லை. தமிழாக்க முற்படும்போதுதான் இடர்ப்பாடு தொடங்குகிறது.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், 'உன் முதுகு என்னிடம் இருக்கிறது' என்று வரும். காணாமற்போன பொருளைக் கண்டெடுத்தவன் பேசுவதுபோல் இருக்கிறது அது. சற்றே திருத்தி, 'உன் முதுகை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றால், வலிக்கு எண்ணெய் தேய்த்துவிடுபவர் கூற்றாகிறது. பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் பெயர் பெற்றவை. அங்கே இவ் வாக்கியம் சாலப் பொருந்தும். போர்க்களத்திலோ நண்பர் நடுவிலோ பொருந்தாது.

பொருந்தாமைக்குக் காரணம் இலக்கணப் பிழை அன்று. தமிழன் முதுகைப் பற்றி எண்ணிவந்த எண்ணமே வேறு. பழந்தமிழ் வீரன் முதுகைக் காக்கப்படவேண்டிய உறுப்பாகக் கருதவில்லை. காட்டக்கூடாத உறுப்பாகவே கருதினான். வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேர வேந்தன், தன் மேல் பட்ட புண் புறப்புண்ணாயிற்றே என நாணி வடக்கிருந்து உயிர் நீத்த செய்தியைக் கழாத்தலையாரும் வெண்ணிக் குயத்தியாரும் புறநானூற்றில் பாடியுள்ளனர். மகன் புறங்கொடுத்து மாண்டான் என ஊரார் சொல்லக் கேட்டுக் கொதித்தெழுந்து, களத்திற்சென்று பிணங்களைப் புரட்டிப் பார்த்த முதியவளைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டுகிறார். சிதைந்து கிடந்த மகன் உடலைக் கண்ட பிறகே அத் தாய் உவந்தாள். இத்தகைய மரபிலே வந்த ஒருவனிடம் 'உன் முதுகை நான் காப்பேன்' என்றால், 'நான் ஏன் முதுகைக் காட்டப் போகிறேன்?' என்று அவன் திருப்பிக் கேட்பதே இயல்பு.

இக்காலப் பேச்சு வழக்கும் இதற்குத் துணை நிற்கிறது. முதுகில் குத்துதல் இரண்டகம். முதுகு சொறிதல் முகமன். முதுகு காட்டுதல் தோல்வி. முதுகுக்குப் பின்னால் பேசுதல் கோள். வள்ளுவர் அக் கோளுக்கு ஓர் அதிகாரமே வகுத்து, அதற்குப் புறங்கூறாமை எனப் பெயரிட்டார். முதுகின் சார்பாகப் பேசத் தட்டிக்கொடுத்தல் ஒன்று உண்டு, முதுகெலும்பு உண்டு. தட்டிக்கொடுப்பது செய்து முடித்த செயலுக்குப் பரிசேயன்றி, வரப்போகும் இடரினின்று காப்பது ஆகாது. மலாயிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. பின்புறத்தைக் குறிக்கும் 'பெலாக்காங்' என்னும் சொல்லடியாகப் பிறந்த வினைகள் புறக்கணிப்பையும் பொருட்படுத்தாமையையும் காட்டும். 'தீக்காம் பெலாக்காங்' என்பது நம் 'முதுகில் குத்துதல்' போன்றதே.

ஆங்கிலத்திலும் இச் சொல் எக்காலத்தும் ஐயமற்ற நற்பொருளோடு இருந்ததன்று. பின்னின்று ஆதரித்தல் என்னும் பொருளில் 'பேக்' என்ற வினை ஷேக்ஸ்பியர் காலத்திலேயே வழக்கில் இருந்தது. 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் முதற்பகுதியில், வழிப்பறிக் காட்சிக்குப் பின் மதுக்கடைக்குத் திரும்பும் பால்ஸ்டாப், உடன் நிற்க வேண்டிய இளவரசன் நில்லாமற் போனதைச் சுட்டி ஏசுகிறான். அந்த ஏச்சின் சுவையெல்லாம் இச் சொல்லின் இரட்டைப் பொருளில் இருக்கிறது. நண்பனுக்குப் பின்னால் நிற்பதும் நண்பனுக்கு முதுகு காட்டி ஓடுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்குவதைக் கண்ட நாடகாசிரியர், அப் பருத்த கோழையின் வாயில் அதனை வைத்து, முதுகைத் தருவாரை ஒதுக்கி முகம் தருவாரை வேண்டுமாறு செய்தார். ஓடியவர்களுள் அவனும் ஒருவன் என்பது அவையோருக்குத் தெரியும். நானூறு ஆண்டுக்கு முன் ஆங்கில அவை நகைத்த இந்த முரணை இன்றைய ஆங்கிலம் மறந்துவிட்டது. தமிழ் இன்னும் மறக்கவில்லை.

இவ்வளவோடு நிறுத்தி, 'இத் தொடர் தமிழுக்கு வாராது. இது அயல் மரபு' எனத் தீர்ப்புச் சொல்லிவிடுவது எளிது. பலர் அவ்வாறே சொல்லி அமைதியடைகின்றனர். ஆயினும் அத் தீர்ப்பு அவசரத் தீர்ப்பு. முதுகு என்னும் சொல்லை விட்டுப் புறம் என்னும் சொல்லுக்கு வந்தால் காட்சி மாறுகிறது.

புறம் என்பது வெளி, பக்கம், பின்பக்கம் எனப் பல பொருள் தருவது. 'புறங்கொடுத்தல்' என்றால் தோற்று ஓடுதல். 'புறந்தருதல்' என்றாலோ பேணி வளர்த்தல். கொடுத்தலும் தருதலும் ஏறத்தாழ ஒரே வினை. முன்னே நிற்கும் பெயரும் ஒன்றே. அவ்வாறிருந்தும் ஒன்று கோழையின் செயல், மற்றொன்று தாயின் கடன். பொன்முடியார் புறநானூற்றுப் பாட்டொன்றில் தாய் தந்தை கொல்லன் வேந்தன் என்பார்க்குரிய கடன்களை வகுத்துரைக்குமிடத்துத் தாய்க்கு அளித்தது இப் 'புறந்தருதல்' என்னும் சொல்லையே. பின்னதில் வரும் புறம் முதுகைத்தான் குறிக்கிறது என அறுதியிட்டுரைத்தல் மிகையாகும். ஆயினும் ஒரே பெயரைச் சார்ந்து காத்தலும் கைவிடுதலும் பிறந்தன என்பது கண்கூடு. பால்ஸ்டாப்பின் சொல்லாட்டத்துக்கு நிகரான ஒன்று தமிழ்ச் சொற்களஞ்சியத்துள்ளேயே அமைதியாகக் கிடக்கிறது.

இதனினும் நெருக்கமானது 'புறங்காத்தல்'. வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தில் மன்னன் குடிகளைக் காத்தலைப் பேசுமிடத்து இச் சொல்லை ஆள்கிறார். பிறர் நலியாதபடி காத்தல் எனப் பொருள்கொள்வது உரைமரபு. அஃதாவது, காக்கப்படுபவன் தன் வேலையில் முகம் வைத்திருக்கிறான். உழுகிறான், நெய்கிறான், விற்கிறான். அவன் பாராத வெளியைப் பார்த்து நிற்கிறான் காப்பவன். ஆங்கிலத் தொடரின் உட்கருத்தும் இதுவன்றி வேறில்லை. முன்னே பார்த்துக்கொண்டிருப்பவனுக்குப் பின்னேயும் இரண்டு கண் வேண்டும். அந்த இரண்டு கண் நான் என்கிறான் நண்பன்.

ஆதலின் 'உன் புறம் நான் காப்பேன்' என்பது பிழையற்ற தமிழ்; பொருளும் நேரியது. ஷேக்ஸ்பியரையோ ஹோமரையோ தமிழாக்குவோர் இதனை அச்சமின்றி ஆளலாம். ஆனால் மொழிபெயர்ப்பில் பொருட்பொருத்தம் பாதி. சொல்வோன் வாய்ப்பொருத்தம் மறுபாதி. கிள்ளானில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் ஓர் இளைஞன், தோழனின் தோளில் கையிட்டு 'உன் புறம் காப்பேன்' என்று படத்திலே பேசினால் அரங்கம் சிரிக்கும். பழஞ்சொல்லை மீட்டுவிட்டோம் என்னும் மகிழ்ச்சியில் சிலர் இச் சிரிப்பைப் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்த வேண்டும், சிரிப்பு வருமிடத்தில் மொழிபெயர்ப்புத் தோற்றுவிடுகிறது.

இனி, முதுகை விட்டுவிட்டு நிலையை மட்டும் பெயர்த்து, 'உனக்குப் பின்னால் நான் நிற்கிறேன்' எனச் சொன்னால் என்ன? இன்றைய செய்தித்தாள் தமிழில் இது மிகுதி. இங்கேயும் ஒரு முள் இருக்கிறது. 'இதற்குப் பின்னால் யார்?', 'பின்னணியில் இருந்து இயக்குபவர் யார்?' என்னும் கேள்விகளில் பின் என்னும் சொல் ஐயத்தின் சொல்லாகிவிட்டது. மறைந்து நின்று கயிறிழுப்பவன் பின்னால் இருக்கிறான். உரிமையோடு துணை நிற்பவன் 'முன்னின்று' செய்கிறான். திருமணமோ கோயிற் குடமுழுக்கோ, ஊர்ப் பெரியவர் முன்னின்று நடத்தினார் என்பதே பெருமை. பின்னின்று நடத்தினார் என்றால் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கத் தோன்றும். மலேசியப் பேச்சிலே மேலிடத்துச் செல்வாக்கைக் 'கேபிள்' என்பர். சுவருக்குப் பின்னே மறைந்தோடும் கம்பியை நினைந்து ஆக்கிய அந்தச் சொல்லிலும் இதே ஐயம் குடிகொண்டிருக்கிறது.

கிள்ளானின் வரலாறே இதற்கு ஒரு சான்று தருகிறது. 1941-ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு மட்டும் அவர்கள் கேட்டதன்று. கள்ளுக்கடையை மூடவேண்டும், பெண்டிரிடம் தகாது நடப்பது ஒழியவேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கம் தொலையவேண்டும் என்றும் கேட்டனர். பத்திரிகையாளரும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் முன்னணியாளருமான ஆர். எச். நாதன் அவர்களுக்காகப் பேசினார். ஆட்சியாளர் கண்ணுக்கு அவர் தூண்டிவிடுபவராகத் தோன்றினார். 'இக் கூலிகளுக்குப் பின்னால் இருப்பவன் யார்?' என்பதே அலுவலகங்களில் எழுந்த கேள்வி. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அதன்பின் நிகழ்ந்தது அக் கேள்வியைத் தலைகீழாக்கியது. அவரை விடுவிக்கக் கோரித் தோட்டந்தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. படை வந்தது; சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது; உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

தொழிலாளருக்குப் பின்னால் நாதன் நின்றாரா, நாதனுக்குப் பின்னால் தொழிலாளர் நின்றனரா? ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே 'பின்' போதும். முதலாவது குற்றச்சாட்டு, இரண்டாவது பாராட்டு. தமிழில் எழுதும்போது அவ் வேறுபாடு தெரியவேண்டும். அத் தொழிலாளர் செயலைப் 'பின்னால் நின்றனர்' என்று எழுதினால் ஒளி குறைகிறது. 'விட்டுக்கொடுக்கவில்லை' என்பதே அதற்குரிய தமிழ். நண்பனைப் பிறரிடம் விட்டுக்கொடாமை என்னும் வழக்கு, ஆங்கிலத் தொடர் சொல்லும் உறவை முதுகின் உதவியின்றியே உணர்த்திவிடுகிறது. சபையில் ஒருவன் இல்லாதபோது அவனைப் பழித்தால், 'அவரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்' என்று எழுந்து பேசுவது புறங்காத்தலே அன்றோ? இவ் வழக்கை மொழிபெயர்ப்பாளர் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது குறை.

மூன்றாவதாக, பலரும் கையாள்வது 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பது. இதில்தான் பேரிடர் இருக்கிறது. 'பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றால் காத்தல். 'வெளியே வா, உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்' என்றால் மிரட்டல். 'நன்றாகக் கவனித்து அனுப்பினார்கள்' என்பது விருந்துண்டு வந்தவனும் சொல்வது, அடி வாங்கி வந்தவனும் சொல்வது. மலாயிலுள்ள 'ஜாகா' என்னும் சொல் காவலையும் காவலாளியையும் குறிப்பது. மலேசியத் தமிழர் 'ஜாகா வேலை' என்று சொல்லுமளவுக்கு அது தமிழாகிவிட்டது. அதே சொல்லை விரலை நீட்டி 'ஜாகா காவ்' என்று சொன்னால், 'உனக்கு இருக்கிறது, எச்சரிக்கை' என்று பொருள். ஆங்கிலத்தில் 'டேக் கேர் ஆப்' என்பதும் அவ்வாறே. மருத்துவ மனையில் ஒரு பொருள், கொலைகாரர் படத்தில் வேறு பொருள். மூன்று மொழியும் இவ்விடத்தில் ஒத்துப்போவது வியப்புக்குரியது.

இஃது ஏட்டளவில் நிற்கும் நுணுக்கம் அன்று. கோலாலம்பூர், கிள்ளான், ஷா ஆலம் நீதிமன்றங்களில் தமிழ் பேசும் சாட்சி ஒருவர் சொல்வது, மொழிபெயர்ப்பாளர் வாய்வழி மலாயாகவோ ஆங்கிலமாகவோ மாறிய பின்னரே பதிவேட்டில் ஏறுகிறது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 503-ஆம் பிரிவு குற்றமுறு மிரட்டலை வரையறுக்கிறது. 506-ஆம் பிரிவு அதற்குத் தண்டனை கூறுகிறது. 'அண்ணன் என்னைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்' என்று ஒரு பெண் சாட்சி சொன்னால், அவள் சொன்னது ஆதரவா அச்சுறுத்தலா? இரண்டாம் வேற்றுமை உருபோ வினையோ இதைத் தீர்ப்பதில்லை. சொன்னவன் குரல், சொன்ன இடம், அதற்கு முன் நடந்தது ஆகியவையே தீர்க்கும். மொழிபெயர்ப்பாளர் ஒரு நொடிக்குள் ஒரு பொருளைத் தேர்ந்துவிட்டால், மற்றப் பொருள் பதிவேட்டினின்று மறைந்துவிடும். நேர்மையான மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் நிறுத்தி, இத் தொடர் இருபொருட்படும் என நீதிபதிக்குத் தெரிவிக்க வேண்டும். திறமை குறைந்தவர்தாம் தயங்காமல் பெயர்ப்பர்.

பார்த்துக்கொள்ளுதலின் இந்த இரட்டை முகம் மலேசியத் தமிழர் வாழ்வில் ஒரு மனித வடிவமே எடுத்தது. அவ் வடிவத்தின் பெயர் கங்காணி. கண்காணி என்னும் சொல் திரிந்ததே கங்காணி. 'கங்கானி' என ஆங்கில அகராதிகளிலும் அது இடம்பெற்றது. பழமையான சொல் அது. திருமூலர் திருமந்திரத்தில் எங்கும் நிறைந்து யாவும் காணும் இறைவனையே கண்காணி என்றார். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்ப்போரைக் குறிக்க அச் சொல் வருகிறது. பின்னர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பவரின் பட்டமாயிற்று. இறைவன், கோயில் அலுவலர், ஆள்கட்டுபவர் எனச் சொல் இறங்கிவந்த படிகளை நோக்கும்போது, காத்தலும் காவலும் வேவும் ஒரு வேரின் கிளைகள் என்பது விளங்கும்.

கங்காணி பெரும்பாலும் தன் சொந்த ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டியவர். ஆதலின் கப்பலேறி வந்தவனுக்கு அவர் மாமன், சித்தப்பன், ஊர்ப் பெரியவர். 'உன் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று தாயிடம் சொல்லி அழைத்துவந்தவர் அவரே. 1907-ஆம் ஆண்டு தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டு, 1910-ஆம் ஆண்டு ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டபின், கங்காணி முறையே மேலோங்கியது. ஒவ்வொரு நாளும் வேலைக்கு இறங்கிய ஆள் ஒன்றுக்கு இவ்வளவு எனக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. காய்ச்சலாய்க் கிடப்பவனை எழுப்பி வேலைக்கு அனுப்பினால் காசு; விட்டுவிட்டால் காசில்லை. கடன் கொடுப்பவரும் அவர், கணக்கெழுதுபவரும் அவர், லயத்துச் சண்டையைத் தீர்ப்பவரும் அவர். உறவுமுறையால் அவர் காப்பாளர். வருவாய் முறையால் அவர் ஏய்ப்பாளர். நல்ல கங்காணிகள் இருந்திலர் என்று சொல்வது நேர்மையன்று. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்று தன் ஆட்களுக்காகப் பரிந்து பேசியோரும் இருந்தனர். ஆனால் முறை, நல்லவரையும் இரண்டு முகம் பூணச் செய்வது. 1938-ஆம் ஆண்டு இந்திய அரசு தொழிலாளரை உதவி கொடுத்து அனுப்புவதைத் தடை செய்தபோது ஆள்கட்டும் கங்காணியின் காலம் முடிந்தது. சொல் முடியவில்லை. இன்று கடைவாயிலில் தொங்கும் கண்காணிப்புக் கேமரா அதே வேரினது. அது கடையைக் காக்கிறதா, கடையில் வேலை செய்பவனை வேவு பார்க்கிறதா என்று கேட்டால், முதலாளியின் விடை ஒன்றாகவும் வேலைக்காரனின் விடை வேறாகவும் இருக்கும்.

இவ் வரலாற்றை அறிந்த சமுதாயத்துக்குக் காத்தற் சொற்களின் மேல் ஓர் ஐயம் இருப்பது இயற்கை. 'வேலியே பயிரை மேய்ந்தாற்போல' என்பது தமிழ்ப் பழமொழி. வேலியை நம்பினால் வேலி நெல்லைத் தின்னும் என்பது மலாய்ப் பழமொழி. இரண்டில் எது எதனிடம் கடன் வாங்கியது என ஆராய வேண்டுவதில்லை; நெல் விளையும் இருவேறு நாட்டு உழவர் தனித்தனியே கண்டறியக் கூடியதே அது.

மலாயில் காத்தலுக்கு வழங்கும் வேறொரு சொல் ஈண்டுக் கருதற்பாலது. 'நாவுங்' என்றால் நிழல். 'நாவுங்கான்' என்றால் நிழலிடுதல், அதிலிருந்து பாதுகாப்பு. சங்கத்துப் புரவலரைப் 'பெனாவுங்' என்பர், நிழல் தருபவர் என்பது சொற்பொருள். தமிழில் வேந்தனின் வெண்கொற்றக்குடை நிழலும், 'அவர் நிழலில் வாழ்கிறோம்' என்னும் இன்றைய வழக்கும் இதனோடு கைகோக்கின்றன. வெயில் நாட்டு மொழிகள் காவலை நிழல் என்றன. 1874-ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கையை ஒட்டி ஆங்கிலேயர் மலாய் நாடுகளுக்குள் புகுந்து, சிலாங்கூரில் கிள்ளானைத் தங்கள் ரெசிடெண்டின் இருப்பிடமாக்கியபோது, அந்த ஆட்சிக்கு அவர்கள் சூட்டிய பெயரும் பாதுகாப்பு என்பதே. மலாயில் அந் நாடுகள் 'நாவுங்கான்' நாடுகள் எனப்பட்டன. நிழல் தருவதாகச் சொன்ன குடை எத்தனை மரத்தின் பாலை வடித்துக்கொண்டது என்பது வேறு கதை.

ஆங்கிலத்தின் மற்றொரு தொடர், 'சிறகின் கீழ் எடுத்துக்கொள்ளுதல்' என்பது. அது தமிழுக்கு வருவதில் தடையொன்றுமில்லை. விவிலியத் தமிழில் செட்டையின் கீழ் அடைக்கலம் என்னும் உருவகம் வேரூன்றி நெடுங்காலமாயிற்று. தாய்க்கோழியும் பருந்தும் தமிழ் முற்றத்தில் என்றும் இருப்பவை. ஆனால் அது பெரியது சிறியதைக் காப்பது. முதுகுத் தொடரோ நிகரானவர் இருவருக்கிடையே நிகழ்வது; இன்று நீ எனக்கு, நாளை நான் உனக்கு. நிழலும் சிறகும் இந் நிகர்மையைத் தரமாட்டா. ஆங்கிலத் தொடரைப் பெயர்க்க 'அரவணைப்பு', 'ஆதரவு', 'அடைக்கலம்' எனத் தேடுவோர் தவறுமிடம் இது. தோழனுக்குத் தோழன் அடைக்கலம் தருவதில்லை.

நிகர்மையும் காவலும் ஒருங்கே நிற்கும் தமிழ்ச்சொல் துணை. முன்னா, பின்னா, பக்கமா என்று அது கேட்பதில்லை. தோட்டத்திலிருந்து ஊருக்கு எழுதிய கடிதங்களின் தலைப்பில் 'முருகன் துணை' என்று எழுதினர். லாரியின் நெற்றியிலும் கடைப்பலகையிலும் இன்றும் எழுதுகின்றனர். மொழிபெயர்ப்பின் தரத்தை அறியத் தலைகீழாகப் பெயர்த்துப் பார்ப்பது ஒரு முறை. 'முருகன் துணை' என்பதை அந்த ஆங்கிலத் தொடரால் பெயர்த்தால், முருகன் முதுகைப் பார்த்துக்கொள்கிறான் என்று முடியும். 2006-ஆம் ஆண்டு பத்துமலை அடிவாரத்தில் எழுப்பிய 140 அடி முருகன் சிலை வேலோடு முன்னே நிற்கிறது. அடியார் அதைக் கடந்து படியேறும்போது முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது. இரண்டும் உண்மையே. இதனால் துணை என்பது இடம் சாராத சொல் என்பது தெளிவு.

பிரிக்பீல்ட்ஸ் தெருவிலே இன்னொரு காட்சியைக் காணலாம். 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இயங்குகிறது. பார்வையற்ற ஒருவருக்கு வழிகாட்டுபவர் அவரைப் பின்னிருந்து தள்ளுவதில்லை. கையைப் பிடித்து இழுப்பதுமில்லை. அரையடி முன்னே நடக்கிறார். பின்வருபவர் அவருடைய முழங்கையைத் தாமே பற்றிக்கொள்கிறார். பற்றுவதும் விடுவதும் காக்கப்படுபவரின் உரிமை. இங்கே காப்பவரின் முதுகைக் காக்கப்படுபவர் பின்தொடர்கிறார். ஆங்கிலத் தொடரின் படம் முற்றிலும் திரும்பிவிட்டது. ஆயினும் உறவு அதுவே. 'கைகொடுத்தல்' என்று தமிழ் சொல்வது இந் நிலையை.

அப்படியாயின் படத்தில் பேசும் அந்த இளைஞன் என்னதான் சொல்லவேண்டும்? தமிழ்ப் பேச்சு இதற்கு என்றோ விடை கண்டுவிட்டது. அண்ணன் தம்பியிடம், தோழி தோழியிடம், மருத்துவமனை வாயிலில் அழுது நிற்பவளிடம் அவள் தங்கை, சொல்வது இரண்டே சொல்: 'நான் இருக்கேன்.' மலேசியத் தமிழன் அதன் வாலில் ஒரு 'லா' சேர்த்துக்கொள்வான். காப்பேன் என்ற வாக்குறுதி இல்லை, பார்த்துக்கொள்வேன் என்ற இருபொருள் இல்லை, முதுகு இல்லை, நிழல் இல்லை. இருத்தல் ஒன்றே சொல்லப்படுகிறது. மற்றவை அதற்குள் அடங்குகின்றன. இதன் எளிமையைக் கண்டு, 'மூலத்தில் உள்ள உருவகம் போய்விட்டதே' என்று குறை சொல்லும் திறனாய்வாளர் இருப்பர். உருவகம் போனது உண்மை. ஆனால் மூலத்தைப் பேசும் ஆங்கிலேயனும் அதைச் சொல்லும்போது முதுகை நினைப்பதில்லை. தேய்ந்துபோன உருவகத்துக்காகத் தமிழில் புதிய உருவகம் ஒன்றை முளைக்கச் செய்வது மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதாகும். போர்க்களக் காட்சியில் உண்மையாகவே இருவர் முதுகோடு முதுகு சேர நின்று பொருதுகின்றனர் எனின் அப்போது மட்டும் உருவகம் உயிர்பெறுகிறது. அங்கே 'பின்னால நான் இருக்கேன்' என ஒரு சொல் கூட்டினால் போதும்.

இதே தொடரை மலாய்த் துணையுரையில் எழுத வேண்டியவருக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. தமிழ் நடிகர் 'நான் இருக்கேன்ல' என்று பேசும்போது திரையின் அடியில் அவர் 'ஆக்கு கான் அடா' என்று எழுதலாம். சொல்லுக்குச் சொல் 'நான்தான் இருக்கிறேனே' என்பதே அது. மலாய்த் தாயும் தன் பிள்ளையிடம் அதையே சொல்கிறாள். ஆங்கிலத் துணையுரை எழுதுபவரே முதுகைத் தேடிப் போகவேண்டியவர்.